இல்லாதவர்களைப் பற்றிப் பேசாதவள்

அவள் இல்லாத இடத்தில் அவளைப் பற்றி எழுதுகிறேன். தெரிந்தால் அவளுக்குப் பிடிக்காது. அதனால் பெயரையாவது விட்டுவிடுகிறேன். பெயரைச் சொன்னால் பினாங்கில் டத்தோ கிராமாட் பக்கம் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு பேச்சு தொடங்கிவிடும்.

தீவிலிருக்கும் ஜார்ஜ்டவுனில் நாங்கள் படித்த கல்லூரியில் பெண்களுக்கென்று தலைமைத்துவப் பயிற்சி ஒன்று இருந்தது. சனிக்கிழமைதோறும், ஓர் ஆண்டு. மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள், நாங்கள் என்று ஒரு வகுப்பறை நிறைய இருந்தோம். அதை நடத்தியவர் பாலினக் கல்வியில் முனைவர் பட்டம் வாங்கிய ஒரு தமிழர். எல்லாருக்கும் அவர் ‘டாக்டர்’தான். குட்டை முடி, பருத்திச் சேலை, உரத்த சிரிப்பு. நான் அக்கரையில் சுங்கை பாக்காப்பிலிருந்து பஸ் பிடித்து, பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி வருவேன். சான்றிதழ் இருந்தால் வேலைக்கு நல்லது என்று யாரோ சொன்னதால் சேர்ந்தவள். தலைமை தாங்கும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை.

முதல் சனிக்கிழமை மதியம் தமிழ்ப் பெண்கள் நான்கைந்து பேர் கல்லூரிக்குப் பின்னாலிருந்த சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் யாரையும் சரியாகத் தெரியாது. அந்த மாதிரி நேரத்தில் பேச்சை எடுத்துக் கொடுக்க ஒருத்தி வேண்டும். எங்களுக்கு விமலா இருந்தாள்.

“டாக்டர் புருஷன விட்டுட்டாங்களாம், தெரியுமா? அவங்கதான் வீட்ட விட்டு தொரத்துனாங்களாம்.”

எல்லாரும் முன்னால் குனிந்தோம். நான் பெயர் சொல்லாத அவள் மட்டும் குனியவில்லை. சோற்றில் கை வைத்தபடி கேட்டாள்.

“டாக்டர் மேலதான் இருக்காங்க. கூப்பிடவா?”

சிரித்தோம். அவள் எழுந்து கை கழுவிக்கொண்டு போனாள். தண்ணீர் வாங்கப் போகிறாள் என்றுதான் நினைத்தோம். திரும்பி வந்தபோது பின்னால் டாக்டர் வந்துகொண்டிருந்தார்.

“டாக்டர், உங்க டிவோர்ஸ் பத்தி இங்க பேச்சு வந்துச்சு. எங்க யாருக்கும் சரியா தெரியல. உங்களுக்குத்தான தெரியும், அதான் கூப்பிட்டேன்.”

அவள் குரலில் குத்தல் கொஞ்சமும் இல்லை. விளக்கு எரியவில்லை என்றால் வயர் வேலை செய்பவரைக் கூப்பிடுவோமே, அப்படிக் கூப்பிட்டு வந்திருந்தாள். டாக்டர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அஞ்சாறு வருஷமாச்சு. நான்தான் கேட்டேன். அவர் கொடுத்தார். வேற என்ன தெரியணும்?”

“சாரி டாக்டர்,” என்றாள் விமலா. காது வரை சிவந்திருந்தது.

“சாரி எதுக்கு? கேளுங்க, சொல்றேன்.”

நாங்கள் சோற்றைப் பிசைந்தோம். டாக்டர் பால் இல்லாத தே ஓ ஒன்று குடித்துவிட்டு, தன் காசைத் தானே கொடுத்துவிட்டுப் போனார். “பைத்தியம்லா இவ” என்று விமலா எங்கள் காதில் சொன்னாள். அதுவும் அவள் மறுபடி கை கழுவப் போயிருந்த நேரத்தில்.

எனக்கு அன்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஃபெர்ரியில் திரும்பும்போது வேறொன்று தோன்றியது. நான் எழுந்து போன பிறகு அந்த மேசையில் என்னைப் பற்றியும் பேசியிருப்பார்கள். பேசாமல் இருக்க ஒருத்தி இருந்தாள். அந்த நினைப்பு நன்றாக இருந்தது.

*

அவள் கட்டுப்பாட்டோடு அப்படி இருந்தாள் என்று சொல்ல முடியாது. சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, அந்த மாதிரி அவளுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சு இல்லாத ஆள் பக்கம் திரும்பினால் முகம் மாறும். “அவங்க வரட்டும்லா” என்பாள். அல்லது எழுந்து போய்விடுவாள். நல்லதாகப் பேசினாலும் அதே கதைதான். “அந்தப் பொண்ணு எவ்ளோ நல்லா பேசறா” என்று நான் ஒரு தடவை சொன்னதற்கு, “அவகிட்ட சொன்னியா?” என்று கேட்டாள். சொல்லவில்லை என்றேன். “போய்ச் சொல்லு.” நான் போய்ச் சொல்லும்வரை பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. டாக்டர் முந்தைய வாரமே சொல்லிவைத்து, ஒரு வகுப்பில் ஆளுக்கொரு பெரிய தாளைக் கொடுத்து, ஊர்ப்படம் வரையச் சொன்னார். தினமும் நடக்கும் வழிகளைப் போட்டு, பயமான இடங்களில் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் வைத்தோம். பின்சந்து, மேம்பாலத்துக்கு அடியில், ஆளில்லாத பஸ் நிறுத்தம். அவள் படத்தில் சந்துகளெல்லாம் சுத்தமாக இருந்தன. டத்தோ கிராமாட்டில் அவள் குடியிருந்த பிளாட்டின் படிக்கட்டில் மட்டும் சிவப்பாக அப்பியிருந்தாள்.

“இங்க என்ன?” என்றார் டாக்டர்.

“பொம்பளைங்க உக்காந்து பேசுவாங்க டாக்டர்.”

வகுப்பு சிரித்தது. அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள். அவள் அம்மா அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் வேலை பார்த்தவர். விடியற்காலை தொழிற்சாலை வேன் வந்து இறக்கிவிடும். ஒரு மாதம் வேன் பழுதாகி, கூட வேலை செய்த ஒருவர் தன் காரில் நாலு பெண்களை ஏற்றி வந்து ஒவ்வொரு இடமாக இறக்கினார். கடைசியாக இறங்குகிறவர் அம்மா. படிக்கட்டில் உட்கார்ந்தவர்கள் கடைசியாக இறங்கியதை மட்டும் பார்த்தார்கள். பேச்சு படியேறி அப்பாவிடம் வந்தது. அப்பா ஒன்றும் கேட்கவில்லை, பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“எங்கம்மா வந்தா பேச்சு நிக்கும் டாக்டர். தாண்டிப் போனதும் மறுபடி ஆரம்பிக்கும். சின்ன வயசுல அம்மா கையப் புடிச்சிக்கிட்டு நடப்பேன். பேச்சு நிக்கிறது எனக்குக் கேக்கும்.” பிறகு அவசரமாகச் சேர்த்தாள். “அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். நேத்தே கேட்டேன். சொல்லிக்கோன்னாங்க.”

அடுத்த சில வாரங்களில் புறணியைப் பற்றியே ஒரு வகுப்பு வந்தது. டாக்டருக்குப் பிடித்த பாடம் அது. ‘புறணி பேசுகிறவள்’ என்று பெண்ணைக் கேலி செய்கிறார்கள்; ஆனால் சபையில் பேச இடமில்லாதவர்கள் அடுப்படியில்தான் பேசுவார்கள்; யார் நல்லவன், யார் கை நீளம், எந்த வீட்டுக்குத் தனியாகப் போகக் கூடாது என்பதெல்லாம் அப்படித்தான் பெண்களுக்குத் தெரியவருகிறது; அது ஏழைகளின் நாளிதழ் என்றார். எனக்குப் புல்லரித்தது. விமலா மேசையைத் தட்டினாள்.

அவள் கை தூக்கினாள்.

“அந்தப் பேப்பர்லதான் எங்கம்மாவப் பத்தியும் போட்டாங்க டாக்டர். அதுக்கு மறுப்பு எங்க போடறது?”

“தெரியலம்மா,” என்றார் டாக்டர். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

*

சனிக்கிழமை மாலைகளில் அவளுக்கு பட்டர்வொர்த்தில் டியூஷன் இருந்தது. அதனால் ஃபெர்ரியில் என்னோடு வருவாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பிரித்து எனக்குப் பாதி கொடுப்பாள். தண்ணீரைப் பார்ப்போம். கப்பலைப் பார்ப்போம். படித்ததைப் பேசுவோம், பசியைப் பேசுவோம். பிறகு பேச ஒன்றும் இருக்காது. அடுத்தவர்களை எடுத்துவிட்டால் பேச எவ்வளவு குறைவு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மற்றப் பெண்களோடு நான் நெருங்கியதெல்லாம் யாரையாவது நடுவில் வைத்துக்கொண்டுதான். இவளோடு நடுவில் யாரும் இல்லை. கடல்தான் இருந்தது. அவளை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கரை வந்ததும் மனசு லேசாவதையும் மறைக்க முடியாது.

வகுப்புக்கென்று கைப்பேசியில் ஒரு குழு இருந்தது. அவள் இல்லாமல் தமிழ்ப் பெண்களுக்கு இன்னொன்று இருந்தது. ஒருநாள் ஃபெர்ரியில் என் கைப்பேசி அடுத்தடுத்து ஒலித்தது. அவள் கண் பட்டுவிட்டது. நான் அவசரமாகத் திருப்பி வைத்தேன்.

“எனக்குத் தெரியும்லா தேவி. நான் இல்லாம ஒண்ணு இருந்துதானே ஆகணும். இல்லன்னா நீங்கல்லாம் எங்க பேசுவீங்க?”

கோபம் இல்லை. ஆனால் கரை வரும்வரை கச்சான் பொட்டலம் பிரிக்கப்படாமலே அவள் கையில் இருந்தது.

*

பயிற்சியின் கடைசிப் பகுதி களப்பணி. ஒவ்வொருவரும் ஒரு பொது அமைப்பில் மூன்று மாதம் வேலை செய்ய வேண்டும். அவளுக்கு பிறைப் பக்கம் ஒரு சமூக நல மையம் கிடைத்தது. அதை நடத்தியவரை அங்கே பெரியவர், சிறியவர் எல்லாருமே ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளைகளுக்கு இலவச டியூஷன், தனித்து வாழும் தாய்மாருக்கு அரிசி, பருப்பு, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி என்று எல்லாம் செய்வார். எங்கள் வீட்டுக்கும் ஒரு கஷ்ட காலத்தில் அவர் அரிசிமூட்டை வந்திருக்கிறது.

ஆனால் எங்களுக்கு முந்தைய ஆண்டுப் பெண்களிடமிருந்து ஒரு வாக்கியமும் வந்திருந்தது. “அண்ணே காடியில முன்சீட்டுல உக்காராத. ரெண்டு பேரா போ.” காடி என்றது அவர் காரை. அவ்வளவுதான். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. குடை எடுத்துப் போ என்பதுபோல் அது கைமாறிக்கொண்டிருந்தது. அவளிடம் மட்டும் போகவில்லை. அவளிடம் எதுவுமே போவதில்லை.

அந்தச் சனிக்கிழமை படகுத்துறையில் நான் ஆரம்பித்தேன்.

“நீ போற எடத்துல அந்த அண்ணே இருக்கார்ல…”

“அவர் இங்க இல்லையே.”

“இல்லலா, இது வேற. உன் நல்லதுக்குத்தான்.”

“அவர் முன்னாடி இத சொல்வியா?”

“அது எப்படிடி சொல்றது?”

“அப்ப எங்கிட்டயும் சொல்லாத தேவி.”

“காடியில முன்சீட்டுல…”

அவள் உள்ளங்கையைக் காட்டினாள். போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவதுபோல். முகம் வெளுத்திருந்தது. “எங்கம்மாவப் பத்தியும் ஆரம்பத்துல யாரோ யாரோட நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பாங்க,” என்று சொல்லிவிட்டு, நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். படகு வந்தது. அன்று எதிர்ப்பக்கக் கம்பி ஓரமாக நின்று வந்தாள்.

இரண்டு மாதம் கழித்து கல்லூரி மண்டபத்தில் கூட்டம். அமைப்புகளின் பொறுப்பாளர்கள் வந்திருந்தார்கள். நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து கற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும். அண்ணே முன்வரிசையில் இருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. எங்களைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார். நல்ல சிரிப்பு அது.

அவள் முறை வந்தது. மைக்குக்குப் போகவில்லை. நேரே அவர் முன்னால் போய் நின்றாள். கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள்.

“அண்ணே, போன வெள்ளிக்கிழமை அரிசி கொடுத்துட்டு வர்றப்ப, உங்க காடியில, என் தொடையில கைய வச்சீங்க. நான் எடுத்து விட்டேன். மறுபடியும் வச்சீங்க. நான் எறங்கி நடந்து வந்தேன். இத இன்னும் யாருகிட்டயும் சொல்லல, எங்கம்மாகிட்டகூட. மொதல்ல உங்ககிட்டதான் சொல்லணும். அதுக்காகத்தான் இன்னைக்கு வரைக்கும் காத்திருந்தேன்.”

பிறகு அதையே மலாயில் மற்றவர்களுக்காகச் சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அண்ணே சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்னா தங்கச்சி இது? கியர் போடறப்ப கை பட்டிருக்கும். தப்பா எடுத்துக்கிட்டீங்களே.”

“உங்க காடி ஆட்டோ கியர் அண்ணே.”

டாக்டர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். அண்ணேயை வெளியே போகச் சொன்னார். அவர் போனார். போகும்போது வாசலில் நின்ற காவலாளி பழக்கத்தில் அவருக்கு வணக்கம் வைத்தார்.

*

நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றால், அண்ணே ஒன்றும் விழுந்துவிடவில்லை. கல்லூரி அந்த மையத்தோடு உறவை முறித்துக்கொண்டது. விசாரணைக்குழு வைத்தது. எங்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எனக்கு எதுவும் நேரவில்லை, கேள்விப்பட்டதைச் சொன்னேன். “யார் சொன்னது?” என்றார்கள். விமலா. விமலாவுக்கு யார்? முந்தைய ஆண்டு ஒரு பெண். அந்தப் பெண் வேலைக்குப் போய்விட்டாள். போனில் கூப்பிட்டதற்கு, தானும் கேள்விப்பட்டதுதான் என்றாளாம். எங்கள் நாளிதழில் செய்தி இருந்தது. எழுதியவர் யார் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. முடிவில் அவள் சொல் ஒன்று, அவர் சொல் ஒன்று என்று ஆனது. மையம் இன்றும் நடக்கிறது. திருவிழா நேரத்தில் பதாகையில் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார்.

ஒன்று மாறியது. களப்பணி தொடங்கும் நாளில் டாக்டர் இப்போது பொறுப்பாளர்களையும் பெண்களையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறாராம். யாரும் யாருடைய காரிலும் தனியாகப் போகக் கூடாது என்று இரு பக்கத்தாருக்கும் நேராகச் சொல்கிறாராம். இதையும் நான் கேள்விப்பட்டதுதான்.

பிளாட்டின் படிக்கட்டில் பேச்சு மறுபடி ஆரம்பித்தது. “அவளே போய் முன்னாடி உக்காந்தாளாம்.” “அம்மா எப்படியோ பொண்ணும் அப்படி.” வகுப்பில் யாரும் அவளை ஒதுக்கவில்லை. தோளில் தட்டினார்கள், ‘துணிச்சல்காரி’ என்றார்கள். ஆனால் சாப்பாட்டுக் கடையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. உண்மையை அப்படி நேருக்கு நேர் சொல்லக்கூடியவள் பக்கத்தில் உட்கார யாருக்கும் தைரியம் வரவில்லை.

கடைசி சனிக்கிழமை படகுத்துறையில் அவளாகவே கேட்டாள்.

“நீ அன்னைக்கு சொல்ல வந்தது இதுதானா?”

“ஆமா.”

“எல்லாருக்கும் தெரியுமா?”

“நெறைய பேருக்கு.”

‘எனக்குத் தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டேன்’ என்று சொல்வாள் என நினைத்தேன்.

“அப்ப எல்லாரும் பின்சீட்டுல உக்காந்துட்டீங்க. முன்சீட்டுல யாராவது உக்காந்துதானே ஆகணும்?”

என்னைத் திட்டவில்லை. கணக்கு சரிதானா என்று கேட்பதுபோல்தான் கேட்டாள். படகுக்காக வரிசை நகர்ந்தது.

*

பிறகு பல வருடம் பார்க்கவில்லை. எனக்கு பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஆள்சேர்ப்புப் பிரிவில் வேலை கிடைத்தது. கல்யாணமாகித் தீவுப்பக்கம் வந்தேன். விமலா எங்கே, யாருக்கு எத்தனை பிள்ளை, யார் வீடு வாங்கினார்கள் என்பதெல்லாம் என் காதுக்குத் தானாக வந்துகொண்டிருந்தது. அவளைப் பற்றி மட்டும் ஒன்றும் வரவில்லை.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு காலை, பசார் சந்தைக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் அவளைப் பார்த்தேன். தலையில் நரை விழுந்திருந்தது. முன்னால் தே ஓ, பக்கத்து நாற்காலியில் காய்கறிப் பை. என்னைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரித்தாள்.

“தேவி! பசியாறியாச்சா?”

“ஆச்சு. நீ எப்படி இருக்க? அம்மா எப்படி இருக்காங்க?”

“அம்மா தவறிட்டாங்கலா. ரெண்டு வருஷம் ஆகப்போவுது.”

நின்றபடியே இருந்தேன். ஒரே தீவில், பத்து நிமிடக் கார்த் தூரத்தில் இருந்திருக்கிறேன்.

“எனக்கு யாருமே சொல்லலியே.”

“யாரு சொல்வா?” என்றாள் சாதாரணமாக. “டாக்டர் வந்தாங்க. பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி வந்தாங்க. போதும், நல்லபடியா முடிஞ்சுச்சு.”

சாவுச் செய்தியும் ஒருவர் இல்லாத இடத்தில், ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குத்தான் போகிறது. அவள் யாருடைய செய்தியையும் எடுத்துப் போனதில்லை. அவள் செய்தியை எடுத்து வரவும் யாரும் இல்லை.

“நீ எப்படி இருக்க?” என்றாள்.

“அவருதான்…” என்று தொடங்கினேன். கணவர் பிரிந்து போனதிலிருந்து, ஆறு மாதமாக அம்மாவிடமும் தங்கையிடமும் அலுவலகத் தோழிகளிடமும் சொல்லிச் சொல்லி வாய்க்கு வந்துவிட்ட கதை. அவர் என்ன செய்தார், அவர் வீட்டார் என்ன சொன்னார்கள், அவர் இப்போது யாரோடு இருக்கிறார். அவள் இந்தத் தடவை கை காட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தினேன். அவரை எடுத்துவிட்டு, அவர் வீட்டாரை எடுத்துவிட்டு, என்ன மிச்சம் என்று தேடினேன். இத்தனை பேரிடம் இத்தனை முறை பேசியும் சொல்லாத ஒன்றுதான் மிச்சமிருந்தது.

“நான் தனியாத்தான் இருக்கேன்லா.”

சொன்னதும் அழுகை வந்தது. பசார் கூட்டத்தில், மீன் வாடைக்கு நடுவே, நின்றபடி அழுதேன்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. காய்கறிப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலியான நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

“உக்காரு. எனக்கும் வீட்டுல யாரும் காத்துக்கிட்டு இல்ல.”